அப்டேட் ஓடும்போது அணைப்பதும் வேறு சில தவறுகளும்

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மேசை இருக்கிறது. அயலவர்களின் பழுதான கணினிகள் வந்து இறங்குவது அதில்தான். மாரி தொடங்கிவிட்டால் மேசையில் இடம் இராது. வருபவற்றில் பல, விண்டோஸ் அப்டேட் நடந்துகொண்டிருந்தபோது அணைக்கப்பட்டவையாக இருக்கும். ஒரு காலத்தில் நான் செய்த அதே பிழையை, நான் சொன்ன அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு, புதிதாகக் கணினி வாங்கியவர்கள் செய்துவிட்டு வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். போலி அறிவித்தல்களைச் சொடுக்கக் கூடாது என்பது போன்ற எல்லோரும் அறிந்த விடயங்களை விட்டுவிடுகிறேன்.

நின்றுவிட்டது என்று அணைப்பது

சென்ற மாரியில், வந்தாறுமூலையில் படிக்கும் மாணவி ஒருவரின் தகப்பனார், மழைக்கு உரப்பையால் சுற்றிய மடிக்கணினியுடன் வந்தார். "முப்பதிலயே நிண்டுட்டு தம்பி. ஒரு மணித்தியாலம் பாத்தன், மறுகா பட்டனை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டிட்டன்" என்றார். திரும்பப் போட்டபோது, செய்த மாற்றங்களை மீளப்பெறுவதாகத் திரையில் வந்திருக்கிறது. அதுவும் இழுபட, அதையும் அணைத்திருக்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது அவர்மீதல்ல. 2018 மாரியில், தங்கையின் கலியாணப் படங்கள் இருந்த கணினியை இதே போல இரண்டு தரம் அணைத்த என்மீதுதான்.

அந்தச் சதவீத எண்ணை மணிக்கூடு போலப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அப்டேட்டின் ஒரு பகுதி நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் நடந்துவிடும்; ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸின் முக்கிய கோப்புகளை அப்போது மாற்ற முடியாது என்பதால், அவை ரீஸ்டார்ட்டின்போதுதான் மாற்றப்படுகின்றன. ஒரு சதவீதத்துக்குள் சில கோப்புகளும் இருக்கலாம், பல்லாயிரம் கோப்புகளும் இருக்கலாம். சுழலும் பழைய ஹாட் டிஸ்க் என்றால், ஒரே எண் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் அசையாமல் நிற்பதுண்டு. டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் பெரும்பாலும் வேலை நடக்கிறது. நான் மூன்று மணித்தியாலம் வரை கை வைப்பதில்லை.

நடுவில் ஒரு தடவை மின்சாரம் போனதாலேயே எல்லாம் நாசமாகிவிடுவதில்லை. அடுத்த முறை தொடங்கும்போது, பாதியில் நின்ற வேலையை விண்டோஸ் கண்டுகொண்டு, பழைய கோப்புகளை அவை இருந்த இடத்தில் திருப்பி வைக்க முயலும். அந்தத் திருப்பி வைக்கும் வேலையையும் நாம் குழப்பும்போதுதான், பழையதும் முழுமையாக இல்லாமல் புதியதும் முழுமையாக இல்லாமல் கணினி எழும்ப மறுக்கிறது. அப்போதும் வழி உண்டு. சில தடவைகள் தொடங்க முடியாமற்போனால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கே 'ட்ரபிள்ஷூட்', பின் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', பின் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்று போய் கடைசி அப்டேட்டை அகற்றலாம். அந்த மாணவியின் ஆய்வுக்கட்டுரை அப்படித்தான் தப்பியது.

என் படங்கள் தப்பவில்லை. நான் கொண்டுபோன கடையில் ஒரு வார்த்தை கேட்காமல் போர்மட் செய்து, அதாவது டிஸ்க்கில் இருந்ததை அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, அதற்குக் காசும் வாங்கினார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியிருந்தால் படங்களைப் பிரதியெடுத்திருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே கணினியைக் கடையில் கொடுக்கும்போது, முதலில் கோப்புகளை எடுத்துத் தரும்படி சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மைக்ரோசொப்ட்டின் மாதாந்த அப்டேட் வழக்கமாக இரண்டாம் செவ்வாய் வெளியாகும். நமக்கு அது இரவு பத்து மணி தாண்டித்தான் வரும். புதன்கிழமை வானத்தைப் பார்த்து, கரண்ட் நிலையாக நிற்கும் நேரமொன்றில் நீங்களே ரீஸ்டார்ட் கொடுங்கள். மடிக்கணினி என்றால் பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். மேசைக் கணினிக்கு, கரண்ட் போனால் கைகொடுக்க வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ் பற்றரிப் பெட்டி சில நிமிடங்களே தாங்கும். அதை நம்பி இடி முழங்கும் இரவில் தொடங்க வேண்டாம்.

அடியோடு நிறுத்திவைப்பது

டேட்டா தின்கிறது என்று அப்டேட் சேவையையே முடக்கிவிடுபவர்கள் உண்டு. 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வானாக்ரை என்ற நாசகார நிரல், விண்டோஸில் இருந்த எந்த ஓட்டையால் பரவியதோ, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. ஆறுதல் வேண்டுமென்றால் 'போஸ்' கொடுங்கள். ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம்.

டேட்டாவைக் காக்கத் தெரியாதிருப்பது

ரவுட்டர் இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது டேட்டா அளவோடு உள்ள இணைப்பு, என்று விண்டோஸில் குறித்துவிட்டு, இரவு டேட்டா நேரத்தில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்பதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் டேட்டாவில் ஊரார் கணினிக்கும் அப்டேட் போகக்கூடும்.

விண்டோஸ் 10 அமைதியாக இருக்கிறது என்று மகிழ்வது

அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வழமைபோல் வராததால்தான் அந்த அமைதி.

மீட்புத் திறவுகோலைத் தேடாமல் விடுவது

சில அப்டேட்டுகளின் பின் நீலத் திரையொன்று வந்து பிட்லொக்கர் என்ற டிஸ்க் பூட்டைத் திறக்கும் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். பொதுவாக அது கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். இங்கே பல வீடுகளில் அந்தக் கணக்கு கட்டாரில் வேலை செய்யும் மகனுடையது. அவர் அடுத்த முறை அழைக்கும்போது அதைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.