இன்டேக்கில் ஒயில்: சுத்திகரிப்புத் திரவம் ஊற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இன்டேக் என்பது என்ஜினுக்குள் காற்று செல்லும் வழி. அதிலுள்ள எயார் ஃபில்டர் பெட்டியைத் திறக்கும்போது ஃபில்டரின் ஒரு மூலையில் ஒயில் ஊறியிருப்பதையோ, த்ரொட்டலுக்கு (என்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வாயில்) செல்லும் இறப்பர்க் குழாயின் உட்புறத்தில் கரிய பசை படிந்திருப்பதையோ கண்டவுடன், பலர் கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குச் சென்று ஒரு போத்தல் சுத்திகரிப்புத் திரவம் வாங்கி ஊற்றிவிடுகின்றனர். ஒயில் வரும் காரணம் சரிசெய்யப்படாதவரை எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அதே பசை மீண்டும் சேரும். ஆகவே, ஒயில் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிந்து, அதன் பின்னரே திரவம் தேவைதானா என்று தீர்மானிக்க வேண்டும்.

எரிதல் நடக்கும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான ரிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு வாயு, கிராங்க் தண்டு சுழலும் கீழறையான கிராங்க் அறைக்குள் கசிவது புதிய என்ஜினிலும் உண்டு. அந்த வாயு ஒயில் துளிகளையும் சுமந்துகொண்டு பி.சி.வி. எனப்படும், கிராங்க் அறை வாயுவை வெளியேற்றும் வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மெனிபோல்டுக்குள் இழுக்கப்பட்டு மீண்டும் எரிக்கப்படுகிறது; அதற்கு ஈடான தூய காற்று, எயார் ஃபில்டர் பக்கத்திலிருந்து ஒரு சிறு குழாய் வழியே என்ஜினுக்குள் செல்கிறது. ஆதலால் மெனிபோல்டின் உட்சுவரில் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குழாயின் அடியில் ஒயில் தேங்கி நின்றாலோ ஃபில்டர் நனைந்தாலோதான் தேடத் தொடங்க வேண்டும். ஒயில் காணப்படும் இடமே பாதி விடையைத் தந்துவிடும். த்ரொட்டலுக்கு முன்னால், அதாவது ஃபில்டர் பக்கத்தில் காணப்பட்டால், அந்தச் சிறு குழாய் வழியே வாயு எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது; பி.சி.வி. அடைபட்டிருக்கலாம், அல்லது ரிங்குகள் தேய்ந்து வாயு அளவுக்கு மீறிக் கசியலாம். த்ரொட்டலுக்குப் பின்னால், மெனிபோல்டு பக்கத்தில் மட்டும் மிகுதியாக இருந்தால், பி.சி.வி. வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன், ஒயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் விட்டு அளக்க வேண்டும். மேற்கோட்டுக்கு மேலே ஒயில் நின்றால், சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி வாயுக் குழாய்க்குள் அனுப்பிவிடும். வாகன் ஆர் போன்ற 660 சிசி கார்களின் என்ஜின் 3 லீற்றருக்கும் குறைவாகவே ஒயில் கொள்ளும். அவற்றில் 4 லீற்றர் கேன் முழுவதையும் ஊற்றிவிட்டால், இன்டேக்குக்குள் ஒயில் வர வேறு கோளாறு எதுவும் தேவையில்லை. மேலதிக ஒயிலை வடித்து, குழாயைத் துடைத்து விட்டாலே பிரச்சினை முடிந்துவிடும்.

அடுத்தது பி.சி.வி. வால்வு. என்ஜின் சும்மா ஓடும்போது வால்வைக் கழற்றி, இன்டேக் குழாய் அதில் பொருத்தப்பட்டிருக்கும்படியே, அதன் திறந்த வாயில் விரலை வைத்தால் நன்றாக இழுக்க வேண்டும். பின்னர் என்ஜினை அணைத்து, வால்வை முழுதாக வெளியே எடுத்து, ஒரு துண்டுக் குழாய் மாட்டி ஊதிப் பாருங்கள்: என்ஜின் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று எளிதாகவும், இன்டேக் பக்கத்திலிருந்து ஊதினால் மிகச் சிரமப்பட்டும் செல்ல வேண்டும். வாயால் உறிஞ்ச வேண்டாம்; உள்ளே இருப்பது பெற்றோல் ஆவியும் ஒயிலும். வால்வு அமரும் இறப்பர் வளையம் பழையதாயின் விரல் பட்டவுடன் உதிரும். உதிர்ந்த துண்டுகள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வின் விலை குறைவு என்பதால், பாவித்த உதிரிப்பாகம் வாங்காமல் புதியதையே போடுவது நல்லது.

வால்வு சரியாக இருந்தும் ஒயில் வந்தால், என்ஜின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து மெல்லிய தாள் ஒன்றை அந்தத் திறப்புக்கு மேலே பிடியுங்கள். பெரும்பாலான என்ஜின்களில் தாள் இலேசாக உள்ளே இழுக்கப்படும். அது துடித்துத் துடித்து மேலே எழும்பி, புகையும் வந்தால், ரிங்குகளைச் சந்தேகித்துக் கராஜில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளக்கச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டரில் அளவு குறைந்து, அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டதும் உயர்ந்தால், கசிவு ரிங்கில்தான். டேர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் கருவி) உள்ள வாகனங்களில் டேர்போவின் சீலையும், அதிலிருந்து ஒயில் திரும்பும் குழாயையும் பார்ப்பது அவசியம். டீசல் வாகனத்தில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் ஒயில் தேங்கியிருந்தால் ஓட்டவே வேண்டாம். அந்த ஒயிலையே எரித்து என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடலாம், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

காரணத்தைச் சரிசெய்த பிறகு துப்புரவு. அக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்களில் என்ஜின் தானாகவே ஓடத் தொடங்கும் என்பதால், பவரை முற்றாக அணைத்து, சாவியைத் தூர வைத்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடக்கூடாது. த்ரொட்டல் கிளீனரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். மின்சாரத்தால் இயங்கும் த்ரொட்டல் தகட்டை விரலால் வலிந்து தள்ளினால் பல்சக்கரம் பழுதாகலாம். காற்றை அளக்கும் சென்சருக்கு அதற்கென்றே விற்கப்படும் கிளீனரைத் தவிர வேறெதுவும், துணியும்கூட, படக்கூடாது.

போத்தல்களுக்கு வருவோம். பெற்றோலில் கலப்பவற்றில் பொலிஈதரமைன் என்ற சேர்மம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது பயனுள்ளது. பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும் எரியறையிலும் படிந்த கரியை அது கரைக்கும். போத்தலில் குறிப்பிட்ட அளவை முதலில் ஊற்றி, அதன்மேல் பெற்றோல் நிரப்புங்கள். அப்போது நன்றாகக் கலக்கும். அதன் ஒரு பகுதி ஒயிலுக்குள்ளும் இறங்குவதால், ஒயில் மாற்றும் காலம் நெருங்கும்போது பாவிப்பதே பொருத்தம். ஆனால் முதல் தலைமுறை வெசலைப் போல சிலிண்டருக்குள் நேரடியாகப் பெற்றோல் பீய்ச்சப்படும் என்ஜின்களில், இத்திரவம் இன்டேக் வால்வுகளைத் தொடுவதே இல்லை. அங்கே கரி தடித்துவிட்டால் மெனிபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

என்ஜினின் உட்புறத்தைக் கழுவ ஒயிலில் ஊற்றும் ஃபிளஷ் திரவத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சூடான என்ஜினில், வடிக்கப்போகும் பழைய ஒயிலில் ஊற்றி, போத்தலில் கூறியபடி பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடங்கள் நின்ற நிலையில் ஓடவிட்டு, உடனே வடித்து, ஒயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். அதை வைத்துக்கொண்டு காரை ஓட்டக்கூடாது. ஒயில் மூடிக்குக் கீழே கரிய சேறு தடிப்பாகத் தெரியும் பழைய என்ஜினில் இதைப் பாவிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெயர்ந்த சேறு ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் அழுத்தம் வீழ்ந்து பேரிங்குகள் அழிந்துவிடும். அத்தகைய என்ஜினுக்கு, நல்ல ஒயிலை வழமையைவிடக் குறுகிய இடைவெளியில் சில முறை மாற்றி, சேற்றை மெதுவாகக் கரைய விடுவதே பாதுகாப்பானது. மூடியில் இருப்பது பால்நிறப் பசையாயின் காரணம் வேறு. கொழும்புக்குள்ளேயே, வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையே குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் என்ஜின் முழுதாகச் சூடேறாமல் நீராவி தங்கிவிடுகிறது. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டத்தில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாமல், ரேடியேட்டர் நீரும் குறைந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட்டைப் பரிசோதிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்து, டிப்ஸ்டிக் அளவையும் கிலோமீற்றரையும் குறித்து வையுங்கள். 1,000 கிலோமீற்றருக்குப் பின் குழாய் காய்ந்திருந்தும் ஒயில் மட்டும் குறைந்திருந்தால், கொம்பிரஷன் சரியாக இருந்தாலும் ஒயில் ரிங் (சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலை வழிக்கும் பிஸ்டன் ரிங்) இறுகியிருக்கலாம். சிலிண்டரின் வால்வுத் தண்டுகளில் ஒயிலைத் தடுக்கும் வால்வு சீல்களும் தேய்ந்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் நீலப்புகை எழுந்து மறைந்தால், மெக்கானிக்கிடம் முதலில் சீல்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.