முத்திரை சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளே, கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்

போன மாதம் கொழும்புக் கோட்டையில் உள்ள பழைய கட்டிடங்களைக் காட்ட நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்று, இது 1857இல் கட்டி முடிந்தது, இலங்கையின் முதல் முத்திரையும் அதே ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதிதான் வந்தது என்று சொன்னேன். உடனே ஒரு தம்பி பையிலிருந்து தன் கொப்பியை எடுத்து நீட்டினான். பக்கத்துக்குப் பக்கம் கடித உறைகளிலிருந்து வெட்டியெடுத்த முத்திரைகள், பசை போட்டு ஒட்டியபடி. அவன் வயதில் என்னிடமும் இதே மாதிரி ஒரு கொப்பி இருந்தது.

விரலால் தொடாதே, வெயிலில் வைக்காதே என்பதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். அதனால் அவற்றை விட்டுவிட்டு, செய்யக்கூடாத வேறு சில பிழைகளைச் சொல்கிறேன்.

உறையை வெட்டுவது

அப்பப்பாவின் தமையன் மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதங்களின் உறைகள் ஒரு தகரப்பெட்டி நிறைய எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தன. கடிதங்களை யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள், உறைகள்தான் மிச்சம். பழையவற்றில் பாயும் புலி முத்திரை, பிந்தியவற்றில் சுல்தானின் படம். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு பள்ளி விடுமுறையில் அத்தனையையும் வெட்டினேன். அறுபதுக்கு மேல் இருக்கும். முத்திரைகள் கொப்பிக்குப் போயின, உறைகள் குசினி அடுப்புக்குப் போயின.

அந்தப் புலி முத்திரைகளை இன்றும் சில்லறை விலைக்கு வாங்கலாம். அவை ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. அடுப்பில் எரிந்ததை எங்கே போய் வாங்குவது? எந்த ஊரில் தபாலில் போட்டார், யாழ்ப்பாணத்துக்கு வர எத்தனை நாள் எடுத்தது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் உறையில்தான் இருந்தன. அனுப்பிய ஊரின் சீல் முன்பக்கம், வந்து சேர்ந்த ஊரின் சீல் பின்பக்கம். சில உறைகளின் ஓரத்தைக் கத்தரித்துத் திரும்பவும் ஒரு காகிதப் பட்டியால் ஒட்டியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிழிந்த உறை என்றுதான் அப்போது நினைத்தேன். யுத்த காலத்தில் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்த கடிதங்கள் அவை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. அதற்கு முன் அவரிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தின் உறையும் அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். அதன் திகதியை இனி எங்கள் குடும்பத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதனால்தான் அந்தத் தம்பியிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

வெட்டுகிற பழக்கம் புதிதல்ல. 1859இல் இலங்கையில் எட்டுமூலை வடிவத்தில் சில முத்திரைகள் வந்தன. அவற்றுக்கு ஓரத்தில் கிழிக்க வசதியான துளைப் பல் கிடையாது, தாளிலிருந்து கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று சிலர் எட்டு மூலையையும் ஒட்ட நறுக்கினார்கள். அந்த வரிசையில் வந்த மங்கிய ரோசா நிற 4 பென்ஸ் முத்திரைதான் இலங்கை முத்திரைகளிலேயே பேர்போனது. நாலு பக்கமும் ஓரம் உள்ள ஒன்றுக்குக் கிடைக்கும் விலையில் சிறு பங்குகூட ஒட்ட நறுக்கியதற்குக் கிடைக்காது.

பழைய உறை கைக்கு வந்தால் முழுசாக வையுங்கள். இன்றைய சாதாரணத் தபால்தான் என்றால், சீல் முழுவதும் தெரியும்படி ஓரம் விட்டு வெட்டுங்கள்.

யோசிக்காமல் தண்ணீரில் போடுவது

ஒட்டியிருக்கும் காகிதத்திலிருந்து கழற்ற முத்திரையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஆனால் விக்டோரியா, ஜோர்ஜ் மன்னர் காலத்து ஊதா, பச்சை முத்திரைகள் பலவற்றில் தண்ணீர் பட்டாலே சாயம் கரையும். தபால் சீலைக் கழுவிவிட்டு மறுபடி பாவிக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிப்பட்ட மையில் அச்சடித்தார்கள். ஊதா வெளிறிவிட்டால் திரும்பி வராது.

லாமினேட் செய்வது

வேண்டவே வேண்டாம்.

ஆல்பத்தை அலுமாரியில் அடைத்து வைப்பது

கொழும்பின் ஈரம் பொல்லாதது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் கேட்கவே வேண்டாம். பின்பக்கப் பசை பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். ஆல்பங்களைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மழை இல்லாத நாளில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

தலைகீழ் அச்சுக்கு ஆசைப்படுவது

பழைய முத்திரைமேல் புது விலை அச்சடித்து வெளியிடும் வழக்கம் நம் நாட்டில் விக்டோரியா காலத்திலேயே உண்டு. அந்த அச்சு தலைகீழாக விழுந்திருந்தால் விலை ஏறும். போலியாக அச்சடிப்பதும் சுலபம். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது

1935இல் வந்த முத்திரை வரிசையில் தலதா மாளிகையும் இருக்கிறது, சிவனொளிபாத மலையும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இடங்களைப் பார்க்கப் போவது நல்ல பழக்கம். ஆனால் பலர் போன இடத்திலிருந்து ஒரு தபால் கார்ட்டும் போடாமல் வந்துவிடுகிறார்கள். நுவரெலியாவில் 1894இல் கட்டிய செங்கல் தபாற்கந்தோர் வாசலில் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? போங்கள். கார்ட்டில் முத்திரை ஒட்டி, பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுங்கள். சீல் தெளிவாக, பாதி முத்திரையிலும் பாதி கார்ட்டிலும் விழும்படி குத்தித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் செய்து தருவார்கள். ஞாயிறையும் பௌர்ணமிப் போயா விடுமுறையையும் தவிர்த்துக் கிளம்புங்கள், கதவு பூட்டியிருக்கும்.

அப்புறம், கார்ட்டை வெறுமையாக அனுப்பாதீர்கள். யாரோடு போனீர்கள், அன்றைக்கு அங்கே மழையா வெயிலா என்றாவது எழுதுங்கள்.