ஸ்னோமெட், லாயிங்க் டேட்டா ஏற மறுத்தால் எங்கே பார்ப்பது?

ஸ்னோமெட் சிடி, லாயிங்க், ஐசிடி-11 மாதிரியான மருத்துவக் குறியீட்டுத் தொகுப்புகளை நம் டேட்டாபேஸில் ஏற்றும்போது லாக் முழுக்கப் பிழைச் செய்திகளாக ஓடும். பலரும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார்கள். அங்கே அநேகமாக ஒன்றும் கிடைக்காது. மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். அதற்குக் கீழே இருப்பவற்றில் முக்கால்வாசி அதனால் வந்தவையே.

கணக்கு, உரிமம், காலி டேட்டாபேஸ் எல்லாம் உங்களிடம் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். நான் பயன்படுத்துவது போஸ்ட்கிரெஸும் பைத்தானும். மைஎஸ்க்யூஎல் வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: வந்தது கோப்புதானா?

‘ஜிப் கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று வந்தால் உடனே மறுபடி பதிவிறக்க வேண்டாம். அந்தக் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். உண்மையான ஜிப் என்றால் ஆங்கிலப் பி, கே என்று தொடங்கும். கோண அடைப்புக்குறியில் தொடங்கினால் அது எச்டிஎம்எல். லாகின் காலாவதியாகி, லாகின் பக்கமே ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது.

ஏபிஐ வழியாக எடுப்பவர்களுக்கு இதே சிக்கல் 401 (அனுமதி இல்லை) பிழையாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி ஏபிஐக்கான டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, சுமார் ஒரு மணி நேரம்தான் செல்லும். ஸ்கிரிப்ட் அதற்கு மேல் ஓடினால் பாதி ஏறிய பிறகு எல்லாமே மறுக்கப்படும். 401 வந்தால் புது டோக்கன் வாங்கி அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும்படி எழுதுங்கள். கோரிக்கையின் ஹெடரில் ஏபிஐ பதிப்பு ‘வி2’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஃபயர் (எஃப்எச்ஐஆர் என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரநிலை) சர்வரில் குறியீட்டுப் பட்டியலை விரித்துத் தரும் ‘எக்ஸ்பாண்ட்’ கேட்கும்போது ‘டூ காஸ்ட்லி’ என்று பதில் வந்தால், நீங்கள் கேட்ட பட்டியல் அந்த சர்வருக்குப் பெரிது என்று பொருள். கவுண்ட், ஆஃப்செட் கொடுத்துப் பக்கம் பக்கமாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வடிகட்டியை இறுக்குங்கள்.

படி 2: எக்செல் பக்கம் போகாதீர்கள்

‘சும்மா பார்க்கத்தான்’ என்று திறந்து, மூடும்போது சேமித்துவிட்டால் கதை முடிந்தது. ஸ்னோமெட் அடையாள எண்கள் 18 இலக்கம் வரை போகும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. முழுப்பெயர் வகையைக் குறிக்கும் 900000000000003001 என்ற எண் 900000000000003000 ஆகிவிடும். லாயிங்கில் 1-8 என்ற குறியீடு தேதியாக மாறும். ஐசிடி-11 இன்னும் மோசம். தீவிர வைரஸ் கல்லீரல் அழற்சியின் குறியீடு 1ஈ50. நடுவில் இருப்பது ஆங்கில எழுத்து என்பது எக்செல்லுக்குத் தெரியாது. ஒன்றுக்குப் பின்னால் ஐம்பது சுழியம் போட்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. 9007199254740991 வரைதான் முழு எண்களை அது பிசகாமல் வைத்திருக்கும். ஆகவே குறியீடு எதுவானாலும் ஸ்ட்ரிங் ஆகவே படியுங்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை, பிறகு எண்ணாக எதற்கு?

ஏற்கனவே கெட்டுவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் கண்டுபிடிக்க வழி உண்டு. ஸ்னோமெட் எண்ணின் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். லாயிங்கில் இணைகோட்டுக்குப் பின் வருவதும் சரிபார்ப்பு இலக்கம்தான், முறை மட்டும் வேறு. இரண்டுக்கும் பைத்தானில் சில வரிகள் போதும். ஏற்றும் முன் எல்லா எண்களையும் அதில் ஓட்டினால், எக்செல் கைவைத்தவை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

படி 3: பிழையே வரவில்லை, ஆனால் வரிகள் குறைகின்றன

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதில்தான். இம்போர்ட் ‘வெற்றி’ என்று முடிந்திருக்கும், லாக்கில் ஒரு புகாரும் இருக்காது, தேடும்போது மட்டும் சில சொற்கள் கிடைக்காது.

காரணம் இரட்டை மேற்கோள் குறி. ஸ்னோமெட் வெளியிடும் ஆர்எஃப்2 கோப்புகளில் நெடுவரிசைகளைப் பிரிப்பது டேப் மட்டுமே. மேற்கோள் குறிக்கு அங்கே எந்தத் தனிப் பொருளும் இல்லை. சொல்லுக்குள் வந்தால் அதுவும் ஓர் எழுத்து, அவ்வளவுதான். ஆனால் சிஎஸ்வி படிக்கிற நிரல்கள் அப்படி நினைப்பதில்லை. ஒரு புலத்தின் தொடக்கத்தில் மேற்கோள் குறியைப் பார்த்தால், அடுத்த மேற்கோள் குறி வரும் வரை டேப், வரி முடிவு எல்லாவற்றையும் ஒரே சொல்லாக விழுங்கிவிடும். இடையில் இருந்த வரிகள் காணாமல் போகும். அடுத்த குறி வரவே இல்லையென்றால் பிழைச் செய்தியாவது வரும். வந்துவிட்டால் சத்தமே இருக்காது.

முதலில் கோப்பில் எத்தனை வரிகள் என்று எண்ணி, தலைப்பு வரி ஒன்றைக் கழித்து, டேபிளில் ஏறிய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், சொற்கள் இருக்கும் டெர்ம் நெடுவரிசையை நீளத்தின்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். மேலே வருகிற முதல் வரியைப் பார்த்ததும் புரிந்துவிடும்: ஒரே ‘சொல்’ ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு நீளும், உள்ளே டேப்களும் வேறு சொற்களின் அடையாள எண்களும் அப்படியே கிடக்கும்.

பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் படிக்கும்போது ‘கோட்டிங்’ (quoting) மதிப்பை 3 என்று வையுங்கள், மேற்கோள் குறியைக் கண்டுகொள்ளாதே என்று பொருள். எல்லா நெடுவரிசைகளுக்கும் வகை ஸ்ட்ரிங். கூடவே, வெற்று மதிப்பென்று தானாக முடிவுகட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். லாயிங்கின் விடைப் பட்டியலில் ‘நன்’ (None, எதுவுமில்லை) என்பது முறையான ஒரு விடை. பாண்டாஸின் அண்மைப் பதிப்புகள் அதை வெற்றிடமாக்கிவிடும்.

போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையில் சிஎஸ்வி வடிவத்தைத் தேர்ந்து, பிரிப்பான் டேப் என்றும் மேற்கோள் எழுத்து பேக்ஸ்பேஸ் என்றும் கொடுங்கள். கோப்பில் வரவே வராத ஓர் எழுத்தைக் கொடுத்து அதன் வாயை அடைக்கிறோம். டெக்ஸ்ட் வடிவம் போதாதா என்று கேட்கலாம். அதில் பின்சாய்வுக் கோட்டுக்குத் தனிப் பொருள் உண்டு. நான் அதை நம்புவதில்லை.

மைஎஸ்க்யூஎல்லில் மேற்கோள் தொல்லை இல்லை, வரி முடிவுதான் தொல்லை. ஆர்எஃப்2 வரிகள் விண்டோஸ் பாணியில் இரண்டு எழுத்துகளால் முடியும். அதைச் சொல்லாமல் ஏற்றினால் கடைசி நெடுவரிசையின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். திரையில் இரண்டு எண்ணும் ஒன்றாகத் தெரியும், ஜாயின் போட்டால் ஒரு வரியும் வராது.

இந்த அமைப்புகளை அப்படியே லாயிங்குக்குப் போட்டுவிடாதீர்கள். அது முறையான சிஎஸ்வி; மேற்கோளுக்குள் காற்புள்ளிகள் வரும். அங்கே மேற்கோளை அணைத்தால் நெடுவரிசை எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வரிக்கு வரி புகார் வரும். இரண்டுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்வதே மேல்.

படி 4: டூப்ளிகேட் கீ

ஒரே கீ இரண்டு முறை வருகிறது என்ற பிழை இது. ஸ்னோமெட் தொகுப்புக்குள் ஃபுல், ஸ்னாப்ஷாட் என்று ஃபோல்டர்கள் இருக்கும். ஃபுல்லில் ஒரே எண் பல தேதிகளோடு வரும். எண்ணை மட்டும் பிரைமரி கீ ஆக்கியிருந்தால் இடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, ஒவ்வொரு எண்ணின் கடைசி நிலையை மட்டும் தரும் ஸ்னாப்ஷாட் போதும்.

படி 5: ஃபாரின் கீ

ஒரு வரி சுட்டும் எண் இன்னொரு டேபிளில் இல்லையென்றால் வரும் பிழை இது. கான்செப்ட், டிஸ்க்ரிப்ஷன், ரிலேஷன்ஷிப், அப்புறம் ரெஃப்செட் (துணைத் தொகுப்புகள்) என்ற வரிசையில் ஏற்றுங்கள். நாட்டுப் பதிப்பு என்றால் அது சார்ந்திருக்கும் சர்வதேசப் பதிப்பு முதலில் உள்ளே இருக்க வேண்டும். நான் எப்போதும் எல்லா நெடுவரிசைகளும் டெக்ஸ்டாக உள்ள ஒரு தற்காலிக டேபிளில், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஏற்றிவிட்டு, அங்கிருந்து உண்மையான டேபிளுக்கு மாற்றுவேன். எந்த வரி இடிக்கிறது என்பதை ஒரு க்வெரி போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆக்டிவ் 0 என்றிருக்கும், அதாவது இப்போது பயன்பாட்டில் இல்லாத வரிகளை ‘தேவையில்லை’ என்று வடிகட்டிவிடுவது இந்தப் பிழைக்கு இன்னொரு காரணம். பழைய நோயாளிப் பதிவுகளும் பழைய மேப்பிங்குகளும் அந்த எண்களைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். ஏற்றிவிடுங்கள், தேடல் திரையில் மட்டும் மறையுங்கள்.

ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவு மென்பொருளில் சியல் என்ற மருத்துவச் சொல் அகராதியை ஏற்றுபவர்களுக்கு: ஒரே மொழியில் ஒரே முழுப்பெயர் இரண்டு கான்செப்ட்களுக்கு இருப்பதை அது ஏற்காது. பெரும்பாலும் நீங்களே முன்பு உருவாக்கிய ஒரு கான்செப்ட்தான் குறுக்கே நிற்கும். எது யாருடையது என்பதை யுயுஐடி என்ற தனி அடையாளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சியலுடையது எண்ணில் தொடங்கி, 36 எழுத்து ஆகும் வரை ஆங்கில ஏ எழுத்தாகவே நீளும். உங்களுடையதன் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை: ஸ்னோமெட்டுக்கான சர்வரான ஸ்னோஸ்டார்மில் ஏற்றும்போது பாதியில் ‘ரீட் ஒன்லி’ என்று நிற்பதாக ஒருவர் கேட்டிருந்தார். அது ஸ்னோமெட் கோப்பின் கோளாறு அல்ல. அதற்குக் கீழே ஓடும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் எஞ்சின், டிஸ்க் 95 சதவீதம் நிரம்பியதும் எழுதுவதை நிறுத்திவிடும். அதன் இயல்பான அமைப்பே அப்படி. இடம் காலி செய்யுங்கள். எலாஸ்டிக்சர்ச் 7.4-க்கு முந்தைய பதிப்பு என்றால் அந்தப் பூட்டை நீங்களே திறக்கவும் வேண்டும். அரைகுறையாக நின்ற இம்போர்ட்டைத் தொடரப் பார்க்காமல், அதை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டுங்கள்.