கனடாக் குடியுரிமை விண்ணப்பம்: ஐந்து வருடக் கணக்கில் ஓட்டை விழாமல் அனுப்புவது எப்படி?

நான் அனுப்பிய முதல் விண்ணப்பம் சில வாரங்களில் அப்படியே திரும்பி வந்துவிட்டது. நிராகரிப்பு இல்லை. 'முழுமையாக இல்லை' என்று ஒரு தாள் மட்டும் மேலே இருந்தது. கனடாவில் இருந்த நாள்களைக் காட்டும் கணக்குத் தாளில் ஒரு தேதி, படிவத்தில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நாள் தள்ளி வேறு தேதி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன், புதன்கிழமை பேனா எடுத்தேன். முழுக்க என் தப்புதான்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். சிக்குவதெல்லாம் இப்படிப்பட்ட சின்னத் தேதிகளில்தான். இந்தப் பதிவு, பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வாங்கிய 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே விண்ணப்பிப்பதற்கு. படிவத்தின் பெயர் சிஐடி 0002.

முதல் படி: நாளை எண்ணுங்கள்

கையெழுத்துப் போடும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் 1,095 நாள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். பிஆர் ஆன பிறகு ஒரு நாள் ஒரு நாளாகவே சேரும். அதற்கு முன் படிப்பு விசாவிலோ வொர்க் பெர்மிட்டிலோ இருந்த நாள்கள் அரை நாளாகச் சேரும். அதுவும் அதிகபட்சம் 365 வரைதான். அதாவது மாணவராக 730 நாள் இருந்திருந்தால் 365 கிடைக்கும், மிச்சம் 730 நாளைப் பிஆர் ஆக இருந்து சேர்க்க வேண்டும். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு, கோரிக்கை ஏற்கப்பட்ட நாளிலிருந்து இந்த அரை நாள் கணக்கு தொடங்கும். தீர்ப்புக்காகக் காத்திருந்த காலம் சேராது. எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் இதில்தான் ஏமாந்தார். வந்திறங்கிய நாளிலிருந்து எண்ணி வைத்திருந்தார்.

இன்னொன்று: இந்த ஐந்து வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஒரு நாள் தள்ளிப்போட்டால், பின்னால் ஒரு பழைய நாள் உதிர்ந்துவிடும். மாணவராக இருந்த காலத்தை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே போன நாள்களைத்தான் பலரும் தப்பாக எழுதுகிறார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து சென்னை விமான நிலைய முத்திரையைப் பார்த்து எழுதினால் கணக்கு பிசகும். டொராண்டோவில் திங்கள் இரவு ஏறினால் சென்னையில் இறங்கும்போது புதன் விடியற்காலை ஆகியிருக்கும். படிவம் கேட்பது கனடாவை விட்டுக் கிளம்பிய தேதி. மின்னஞ்சலில் பழைய டிக்கெட்டுகளைத் தேடி எடுங்கள், அதுதான் நம்பகமானது. அமெரிக்காவுக்குக் காரில் போய் வந்தவை பலருக்கு நினைவில் இருக்காது. அமெரிக்க அரசின் ஐ-94 (வருகைப் பதிவு) இணையதளத்தில் உங்கள் பயண வரலாற்றைப் பார்க்கலாம். கனடா எல்லைத் துறையிடமும் உங்கள் போக்குவரத்துப் பதிவைத் தகவல் கோரிக்கை மூலம் வாங்கலாம். எல்லாவற்றையும் முதலில் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, அப்புறம் அரசின் கணக்கிடும் கருவியில் ஏற்றுங்கள்.

1,095 வந்ததும் அன்றே அனுப்பத் துடிக்காதீர்கள். ஒரு நாள் பிசகினாலும் கட்டிய பணத்தில் பெரும்பகுதியும் காத்திருந்த மாதங்களும் போச்சு. இரண்டு மூன்று வாரம் கூடுதலாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரண்டாம் படி: முகவரியும் வேலையும்

அதே ஐந்து வருடத்துக்கு எங்கே குடியிருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் அல்லது படித்தீர்கள் என்று இரண்டு அட்டவணை. இரண்டிலும் ஒரு மாத இடைவெளிகூட விழக் கூடாது. வேலை இல்லாமல் இருந்தால் 'வேலை இல்லை' என்றே எழுதுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால் அதை எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, காலியாக விடுவதுதான் பிரச்சினை. வந்த புதிதில் மாறி மாறி இருந்த பேஸ்மென்ட் முகவரிகள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய வங்கிக் கடிதம், வரி நோட்டீஸ் இவற்றில் கிடைக்கும்.

வருமான வரி விஷயமும் இங்கேயே. ஐந்து வருடத்தில் குறைந்தது மூன்று வருடத்துக்கு, தாக்கல் செய்ய வேண்டிய கடமை இருந்தால், தாக்கல் செய்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: தாள்களைச் சேர்ப்பது

அந்த ஐந்து வருடத்தில் கையில் இருந்த பாஸ்போர்ட்டுகள் எல்லாம் வேண்டும், காலாவதியானதும் சேர்த்து. வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் வண்ணத்தில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தபோது பழையதற்கும் புதியதற்கும் நடுவில் சில மாதம் இடைவெளி விழுந்திருந்தால், காரணத்தை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். அடையாள அட்டை இரண்டு வேண்டும், ஒன்றில் படம் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், ஹெல்த் கார்டு சரி. பேங்க் கார்டு ஆகாது. பிஆர் கார்டு காலாவதியாகிவிட்டதே என்று பயப்படாதீர்கள். விண்ணப்பிக்க அது செல்லுபடியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மொழிச் சான்று தேவை. பேச்சு, கேட்டல் இரண்டிலும் சிஎல்பி (கனடாவின் மொழித் திறன் அளவுகோல்) 4 போதும். ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் இது பேச்சு 4, கேட்டல் 4.5. பிஆர் வாங்க எழுதிய பழைய தேர்வு காலாவதியாகியிருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். இது தெரியாமல் மறுபடியும் பணம் கட்டித் தேர்வு எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கில வழியில் படித்த பட்டமும் ஏற்கப்படும், பயிற்று மொழி ஆங்கிலம் என்பது மதிப்பெண் பட்டியலிலோ கல்லூரிக் கடிதத்திலோ தெரிய வேண்டும். 55 வயதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு மொழிச் சான்றும் வேண்டாம், குடியுரிமைத் தேர்வும் வேண்டாம்.

ஆனால் அம்மா அப்பாவுக்கு வேறொரு சிக்கல் வரும். கடந்த நான்கு வருடத்தில் வேறு ஒரு நாட்டில் தொடர்ந்து 183 நாளோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்று கேட்பார்கள். குளிர்காலம் முழுக்க ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று போய், கல்யாணம் காதுகுத்து என்று ஏழு மாதம் தங்கிவிடுவார்கள். சான்று வர நேரம் எடுக்கும், எனவே முதலில் அதைத் தொடங்குங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பிறப்புச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். மாமா நன்றாக ஆங்கிலம் எழுதுவார் என்றெல்லாம் கொடுக்க முடியாது. அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும் குடும்பத்தார் செய்தது செல்லாது.

நம் ஆட்களுக்கே உரிய தலைவலி பெயர். ஒரு தாளில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், பள்ளிச் சான்றில் ஓர் எழுத்து கூடியிருக்கும். லான்டிங் பேப்பரில் (பிஆர் ஆனபோது தந்த தாள்) எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்களை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் ஒன்றுவிடாமல் போடுங்கள்.

நான்காம் படி: படமும் பணமும்

காகிதத்தில் அனுப்பினால் ஒரே மாதிரி இரண்டு படம், 50 மில்லிமீட்டர் அகலம், 70 உயரம், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. பின்பக்கம் எடுத்த தேதியும் ஸ்டுடியோ முகவரியும் இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள்.

கட்டணத்தை ஆன்லைனில் கட்டி ரசீதைச் சேர்க்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல் பெரியவர்களுக்கு 649.75 டாலர் என்று ஆனது, சிறுவர்களுக்கு 100. கட்டும் அன்று தளத்தில் தொகையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள், அவ்வப்போது ஏறுகிறது.

ஐந்தாம் படி: ஒரே நாளில் முடியுங்கள்

கணக்கும் கையெழுத்தும் ஒரே நாள். நான் பட்ட பாடு போதும். எல்லாத் தாளும் கைக்கு வந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் கணக்கைப் போட்டு, அதே மேசையில் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். தபாலில் என்றால் நோவா ஸ்கோஷியாவின் சிட்னியில் உள்ள மையத்துக்குப் போகும். கையெழுத்திட்டு 90 நாளைத் தாண்டினால் அதையும் திருப்பிவிடுவார்கள். முடிந்தவர்கள் ஆன்லைனிலேயே செய்யுங்கள். காலியான கட்டம் இருந்தால் அங்கேயே தடுத்து நிறுத்திவிடும். எந்த வழியானாலும் முழு விண்ணப்பத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அதை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும், அசல்களையும் கேட்பார்கள்.

அனுப்பிய பிறகு

விண்ணப்பம் கிடைத்ததாக ஒரு கடிதம் வரும். பின்னால் குடியுரிமைத் தேர்வுக்கு அழைப்பு: 20 கேள்வி, 15 சரியாக இருக்க வேண்டும், 45 நிமிடம். அரசு இலவசமாகத் தரும் 'டிஸ்கவர் கனடா' கையேட்டை இரண்டு தடவை படித்தால் போதும்.

உறுதிமொழி எடுப்பதற்கு முன் ஊர்க் குடியுரிமையைப் பற்றி வீட்டில் பேசி முடியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. கனடியர் ஆனதும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்துச் சான்று வாங்கி, பிறகு ஓசிஐ கார்டுக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பம் போட வேண்டும். உறுதிமொழிக்கு அடுத்த மாதமே ஊரில் தங்கை கல்யாணம் என்றால் தேதிகளை யோசித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இரட்டைக் குடியுரிமைக்கு வழி உண்டு, ஆனால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உறுதிமொழி விழா இப்போது பலருக்கு வீடியோ அழைப்பில்தான் நடக்கிறது. பிஆர் கார்டை அதிகாரியின் கண் முன்னால் வெட்டச் சொல்வார்கள். என் மனைவி அன்று பட்டுப்புடவையோடு சமையலறைக்கு ஓடிப்போய்க் கறிவேப்பிலை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். முன்கூட்டியே ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த பிளாஸ்டிக் கொஞ்சம் கெட்டி.