பழைய சர்ஃபேஸ் பிளானரில் முதலில் பிளேடைத் தொடாதீர்கள்

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்கத் தொடங்கினால் செங்கோட்டைத் தச்சுப் பட்டறைகளில், பலகையின் முகத்தையும் ஓரத்தையும் நேராக இழைக்கும் சர்ஃபேஸ் பிளானர் பக்கம், இந்தப் பேச்சு கேட்கும்: "அண்ணாச்சி, ரெண்டு பலகைய ஒட்டவச்சா நடுவுல வெளிச்சம் தெரியுது. பிளேடு போயிட்டு போல." பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்புவார்கள். அது கூராகித் திரும்பிய பிறகும் வெளிச்சம் அப்படியே இருக்கும். கோளாறு டேபிளில் இருக்கிறது.

பிளேடு பூட்டிய சுழலும் கட்டர் தலைக்கு இரு பக்கமும் டேபிள் உண்டு; பலகையை முன் டேபிளிலிருந்து பின் டேபிளுக்குத் தள்ளுவோம். வெட்டும் ஆழத்துக்கு முன் டேபிள் தாழ்ந்திருந்தாலும், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். பல வருஷம் ஓடிய மெஷினில் டேபிள் ஏறி இறங்கும் சரிவுத் தடம் தேய்ந்து, வெளி முனைகள் தொங்கிவிடும். அப்போது இழைத்த ஓரம் நடுவில் குழியும். முனைகள் தூக்கி நின்றால் நடு புடைக்கும். இதை அலுமினியச் சட்டம் வைத்துப் பார்ப்பது வீண். அதுவே பெரும்பாலும் நேராக இருக்காது. எஃகு ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (துல்லியமான நேர்ச்சட்டம்), இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வேண்டும். டேபிளை இறுக்கிப் பூட்டிய பிறகே அளக்க வேண்டும். தளர்வாக அளந்தால் பூட்டும்போது எல்லாம் மாறிவிடும்.

தொங்கிய டேபிளைத் தூக்கச் சரிவுத் தடத்தில் முட்டு வைக்க வேண்டும். புனலூர் பக்கம் வாங்கிய மெஷின் ஒன்றுக்கு நான் சிகரெட் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். சாரல் ஈரத்தில் அட்டை ஊறி நசுங்கியது. ஒரு வீட்டுக் கதவுக்கு இழைத்த தேக்குப் பலகை அத்தனையும் மறுபடி இழைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேக்கின் கனம் குறைந்து போனது இன்றும் உறுத்துகிறது. பித்தளை ஷிம் தகடு (முட்டுக் கொடுக்கும் மெல்லிய தகடு) தவிர வேறெதையும் இப்போது வைப்பதில்லை.

துருவை எடுக்க டேபிளில் கிரைண்டர் போடாதீர்கள். குழி விழுந்தால் திரும்பாது. மண்ணெண்ணெய் தொட்டு நைஸ் எமரித் தாளால் கையால் தேய்த்து, மெழுகு பூசினால் போதும்.

இதற்குப் பிறகுதான் பிளேடு. மின் இணைப்பைக் கழற்றாமல் கை வைக்கக் கூடாது. பிளேடைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒரு முனையில் உள்ளதை முழுதாக முறுக்கினால் பிளேடின் மறுமுனை மேலே எழும்பும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முறுக்குங்கள். கட்டர் தலை சதுரமாக இருந்தால் உருண்டைத் தலை மாற்றும்வரை அந்த மெஷினை ஓட்டவே வேண்டாம். சதுரத் தலைக்கும் டேபிளுக்கும் நடுவே இருக்கும் அகன்ற இடைவெளியில் விரல்கள் போயிருக்கின்றன.

பின் டேபிளின் உயரம் பிளேடின் உச்சிக்குச் சமமாக நிற்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் குழி விழும். உயர்ந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டும். நேரான ஒரு மரச்சட்டத்தைப் பின் டேபிளிலிருந்து கட்டர்மேல் நீட்டி வைத்து, பெல்ட்டைப் பிடித்துக் கட்டரை ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். பிளேடு சட்டத்தைச் சுமார் 3 மில்லிமீட்டர் இழுத்துப் போக வேண்டும். ஒவ்வொரு பிளேடும், இரு முனையிலும், அதே அளவு. பிறகு பலகை சாய்ந்து ஓடும் பக்கத் தடுப்பான ஃபென்ஸுக்கு மூலைமட்டம் வைத்துவிட்டு, இரண்டு பலகை இழைத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.