போஷ் பயிற்சியில் நாடகம் வேண்டாம்: புதிய பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டி, தடா, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் விதிமுறைப் பயிற்சி நடத்த இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். முன்பெல்லாம் எச்.ஆர். அறையில் யாருக்கு அன்று வேலை குறைவோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். புதியவர்கள் ஆர்வத்தோடு வருகிறார்கள். யாரும் தூங்கிவிடக் கூடாது என்ற வைராக்கியத்தோடும் வருகிறார்கள். அந்த வைராக்கியத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எங்களைப் போன்றவர்கள் தொடக்கத்தில் செய்து தொலைத்த அதே தவறுகளை, எங்களைவிட நல்ல ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

மைக்கைச் சரிபார்ப்பது, ஸ்லைடில் எழுத்தைக் குறைப்பது, தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களிடம் ஒன்றரை மணி நேரம் தமிழில் பேசாமல் இருப்பது, இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

நாடகம் போட வைப்பது

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் கம்பெனிகளில் போஷ் என்கிறார்கள். இந்தப் பயிற்சியை நடத்த வரும் புதியவர் செய்கிற முதல் காரியம், கூட்டத்தைக் குழுக்களாகப் பிரித்து, "ஒரு சம்பவத்தை நடிச்சுக் காட்டுங்க" என்பது.

யார் முன்னால் வருவார்கள்? எப்போதும் சத்தம் போடுகிற நாலு பையன்கள். ஒருவன் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு குரலை மாற்றுவான். இன்னொருவன் விசிலடித்துக்கொண்டு சுற்றி வருவான். அரங்கம் அதிரும். செல்போன்கள் வெளியே வரும். எச்.ஆருக்கு மகிழ்ச்சி, பயிற்சியாளருக்கு அதைவிட மகிழ்ச்சி. கருத்துப் படிவத்தில் எல்லோரும் முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு தொழிற்சாலையில் இப்படி நடந்தபோது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துப்பட்டா போட்ட பையன் மேனேஜரிடம் புகார் சொல்லப் போகிறான். மேனேஜராக நடித்தவன் காலை ஆட்டிக்கொண்டே, "நீ ஏம்மா அவன்கிட்ட சிரிச்சுப் பேசின?" என்று கேட்டான். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். கொஞ்ச நாள் கழித்து, டிபன் பாக்ஸ் கழுவுகிற இடத்தில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே. நான் போய்ச் சொன்னாலும் அப்படித்தானே சிரிப்பாங்க?"

அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அது நடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். காரணத்தை எழுதிவைத்து இன்னொரு மூன்று மாதம் வரை, இந்தப் புகார்களை விசாரிக்கக் கம்பெனிக்குள் இருக்கும் உள்ளகப் புகார் குழு நீட்டிக்கலாம், அவ்வளவுதான். அந்த நாடகம் அவருக்கு இருந்த கொஞ்ச அவகாசத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. பிறகு புகார் கொடுத்தாரா, என்ன ஆயிற்று என்பதை எழுத மாட்டேன். புகார் விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது 16ஆம் பிரிவு. பயிற்சியில் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டிவிட்டு, தேநீர் இடைவேளையில் "இங்கே போன வருஷம் ஒரு கேஸ் வந்துச்சாமே?" என்று கேட்கிற பயிற்சியாளர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த நாடகத்தைப் போட வைத்த பயிற்சியாளரிடம் பேசிப்பார்த்தேன். "மேடம், எல்லாரும் எவ்வளவு ஈடுபாட்டோட இருந்தாங்க பாருங்க" என்று வீடியோவைக் காட்டினார். அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, வெற்றிகரமான பயிற்சி என்ற பெயரில். நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

உள்ளே ஒரு பாரத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் மேடையைப் பார்ப்பதில்லை. யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறார். தன் லைன் லீடர் சிரிக்கிறாரா, எச்.ஆர். சிரிக்கிறாரா, குழுவில் இருக்கிற மேடம் சிரிக்கிறாரா? தன் புகார் எப்படிக் கேட்கப்படும் என்பதற்கு அவருக்குக் கிடைக்கிற ஒரே முன்னோட்டம் அது. இன்னொன்று, விசிலையும் கையைப் பிடித்து இழுப்பதையும் மட்டும்தான் நாடகத்தில் நடிக்க முடியும். இரவு பதினொரு மணிக்கு வருகிற வாட்ஸ்அப் செய்தியை எப்படி நடிப்பது? லீவு கேட்டால் "தனியா வந்து கேளு" என்பதை? ஓவர்டைம் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப விடுபடுவதை? அதனால் பார்ப்பவர்கள், விசிலடித்தால்தான் துன்புறுத்தல் என்று முடிவுகட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

பதிலாக என்ன செய்யலாம்? அரைப் பக்கத்தில் ஒரு கதை எழுதிக் கொடுங்கள். முடிவு இல்லாத கதை. அவர்களுடைய லைன், அவர்களுடைய கேன்டீன், அவர்களுடைய ஷிப்ட். சின்னச் சின்னக் குழுவாகப் பேசட்டும், பெண்கள் முதலில் தனியாக. "இது துன்புறுத்தலா, இல்லையா?" என்று கேட்காதீர்கள். அது பட்டிமன்றமாகிவிடும். "நாளைக்குக் காலையில் இவர் யாரிடம் போகலாம்?" என்று கேளுங்கள். அரங்கம் அமைதியாகும். புதியவர்கள் அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து ஜோக் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சொல்லாதீர்கள், யோசிக்க விடுங்கள்.

அப்புறம் உள்ளகப் புகார் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முகத்தைக் காட்டட்டும், எந்தக் கட்டடத்தில் உட்காருகிறோம் என்று சொல்லட்டும். நடித்தே ஆக வேண்டும் என்றால் அவர்கள் நடிக்கட்டும்: ஒருவர் புகாரோடு உள்ளே வந்தால் என்ன கேட்போம், என்ன கேட்க மாட்டோம், எழுதத் தெரியாதவருக்கு எப்படி எழுதிக் கொடுப்போம் என்று. எழுத முடியாதவருக்கு உதவுவது குழுவின் கடமை என்றே சட்டம் சொல்கிறது. இது பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தெரியாது. கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

பொய்ப் புகார் ஸ்லைடோடு தொடங்குவது

ஆண்கள் முகம் சுளிக்கக் கூடாதாம். அதற்காக 14ஆம் பிரிவை முதலில் காட்டி, பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு என்கிறார்கள். அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த வரி மட்டும் ஸ்லைடில் ஏனோ இடம் பிடிப்பதில்லை. கடைசியில் வையுங்கள், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

முன்வரிசையில் சூப்பர்வைசர்

அவர் உட்கார்ந்திருக்கும்போது "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றால் யார் கேட்பார்கள்? கான்ட்ராக்ட் ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரியும் பக்கத்திலேயே இருப்பார். அவர்தான் நாளைக்கு வேலை உண்டா, இல்லையா என்று சொல்பவர்.

சூப்பர்வைசர்களுக்குத் தனியாக நடத்துங்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. பல பெண்கள் முதலில் அவர்களிடம்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த நிமிடத்தில் அவர் விசாரணை நடத்தக் கூடாது, இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசக் கூடாது, குழுவுக்கு வழிகாட்ட வேண்டும். சமரசம் என்பது புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால் மட்டும், அதுவும் குழு வழியாக. பணம் கொடுத்து முடிக்கிற பேச்சுக்கு இடமே இல்லை. இதை ஒரு மணி நேரம் பேசலாம், சுவாரசியமாகவே பேசலாம். ஏனென்றால் எல்லா சூப்பர்வைசரும் இப்படி ஒரு பஞ்சாயத்து செய்திருப்பார்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் வைப்பது

பஸ் கிளம்பிவிடுமோ என்ற கவலையில் எதுவும் காதில் ஏறாது.

பஸ்ஸை மறந்துவிடுவது

பஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் வீடியோவில் எல்லாம் கண்ணாடி அறை, காபி மெஷின், சுழல் நாற்காலி. இங்கே வேலை செய்கிறவர்கள் சத்தியவேடு, ஊத்துக்கோட்டை, வரதையபாளையம், கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்கள். வேலை தருபவர் ஏற்பாடு செய்த வாகனமும் சட்டப்படி பணியிடம்தான். இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், கடைசி வரிசையிலிருந்துகூடக் கேள்வி வரும். டிரைவர் பற்றி, பின் சீட்டு பற்றி, இருட்டில் இறக்கிவிடுகிற இடம் பற்றி.

கான்ட்ராக்ட் மூலம் வந்தவர், தினக்கூலி, பயிற்சியில் இருக்கிறவர் என யாரையும் சட்டம் விட்டுவிடவில்லை. அதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய ஒரு கூத்தும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்களும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். வீடு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும், வேலை செய்யும் இடம் ஆந்திராவில் என்றால் அந்த மாவட்டத்துக் குழுதான். ஸ்ரீசிட்டி இருக்கும் பகுதி 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. சென்னையில் தயாரித்த ஸ்லைடில் சென்னை முகவரி, பழைய ஸ்லைடில் சித்தூர் முகவரி. இரண்டையுமே சமீபத்தில் பார்த்தேன். முகவரியைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பரிசுப் போட்டி

சட்டம் வந்த ஆண்டு எது, விசாரணை எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று கேட்டு, சரியாகச் சொன்னவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பது. 2013, 90 நாள். தெரிந்து என்ன செய்யப் போகிறார்? குழுத் தலைவர் பெயர் என்ன, அவரை எப்படித் தொடர்புகொள்வது என்று கேளுங்கள். பாட்டில் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

வாசலிலேயே கையெழுத்து

வருகைக் கையெழுத்தை வாசலிலேயே வாங்கினால் பாதிப் பேர் உள்ளே வர மாட்டார்கள்.

அபாயச் சங்கை ஸ்லைடில் காட்டுவது

இது பாதுகாப்புப் பயிற்சி பற்றியது. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்ததை ஆந்திரத் தொழிற்சாலைகளில் யாரும் மறக்கவில்லை. அபாயச் சங்கு ஒலிக்கப்படவில்லை என்பதை அரசு அமைத்த உயர்மட்டக் குழுவும் குறையாகச் சொன்னது. அந்தச் செய்தியின் படத்தைப் போட்டு, சோகமான இசை வைத்து, எல்லோரையும் உறைய வைக்கிறார்கள் நம் பயிற்சியாளர்கள். சரி, உறைந்துவிட்டார்கள். அப்புறம்?

புரொஜெக்டரை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப்போங்கள். இந்த ஷெட்டில் சங்கு பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு மூன்று கைகள் வெவ்வேறு திசையைக் காட்டும். பொத்தானுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருப்பதும் அப்போதுதான் தெரியும். பிறகு, பெருக்கித் துடைக்கிற அம்மாவிடம் கேளுங்கள்: "நீங்க இதை அழுத்தலாமா?" பெரும்பாலும், "ஐயோ, சூப்பர்வைசரைக் கேக்கணும்மா" என்பார். அழுத்தலாம் என்று அங்கேயே, எல்லோர் முன்னாலும், பிளான்ட் மேனேஜர் வாயால் சொல்ல வையுங்கள்.