ரிசர்ச் சாஃப்ட்வேர் எழுதுறவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு கைடு போடணுமா? நான் அடிபட்டு கத்துக்கிட்டது

ரிசர்ச்சுக்காக கோட் எழுதுறவங்க நிறைய பேர் பிசிக்ஸோ பயாலஜியோ படிச்சுட்டு வந்து, வேற வழியில்லாம பைத்தான் கத்துக்கிட்டவங்கதான். "ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்"ங்கற பேரே 2012ல தான் வந்துச்சு. அதனால ஒவ்வொரு லேப்லயும் ஒருத்தர் அதே கேள்விக்கு முதல்ல இருந்து பதில் தேடிட்டு இருப்பாரு. இதுக்கு பொதுவா ஒரு இடம் இருந்தா நல்லாருக்கும்னு எல்லாருக்கும் தோணும். நாங்களும் அப்படித்தான் ஒரு விக்கி ஆரம்பிச்சோம், முதல் நாளே நாப்பது தலைப்பு போட்டோம், அதுல ஆறு பக்கம் எழுதினோம், மீதி எல்லாம் "விரைவில்"னு போட்டபடியே செத்துப்போச்சு 😅

அதனால மொதல்ல தலைப்பு லிஸ்ட் போடாதீங்க. போன மாசம் உங்ககிட்ட ரெண்டு தடவைக்கு மேல யாரு என்ன கேட்டாங்கன்னு பாருங்க, அதுக்கு மட்டும் எழுதுங்க. எங்ககிட்ட திரும்பத் திரும்ப வந்த கேள்வி, "கணக்கு சரியாத்தான் இருக்கு, டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகுது?" உள்ள போய் பாத்தா 0.1 + 0.2 == 0.3ன்னு செக் பண்ணிருப்பாங்க, பைத்தான்ல அது 0.30000000000000004ன்னு வரும். இதுக்கு ஒரே ஒரு பக்கம் போட்டோம்: மேல அவங்க ஸ்க்ரீன்ல வர்ற எரர் அப்படியே (தேடுறவங்க அதத்தான் பேஸ்ட் பண்ணித் தேடுவாங்க), கீழ ரெண்டு வரில காரணம், அப்புறம் பைடெஸ்ட்ங்கற டெஸ்ட் டூல்ல இருக்கற அப்ராக்ஸ் (கிட்டத்தட்ட சமமான்னு பாக்கறது) வெச்சு சரி பண்ண கோட், கடைசில எந்த வெர்ஷன்ல ஓட்டிப் பாத்தோம், எந்த தேதி. அவ்ளோதான். நாப்பது தலைப்பு விக்கிய விட இந்த ஒத்த பக்கத்த தான் ஜனங்க ஷேர் பண்ணாங்க.

அந்த தேதிய போடாம விட்றாதீங்க. நம்பைங்கற பைத்தான் கணக்கு லைப்ரரியோட 1.24 வெர்ஷன்ல என்பி.ஃப்ளோட் (np.float)ங்கற பேர தூக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி எழுதின பக்கத்த நம்பி காப்பி பண்ணவங்களுக்கெல்லாம் எரர் தான் மிச்சம். தப்பான கைடு இருக்கறதுக்கு கைடே இல்லாம இருக்கலாம்னு அன்னிக்குதான் புரிஞ்சுது.

அடுத்து லைசென்ஸ், இத நாங்க கோட்டை விட்டோம். லைசென்ஸ் போடலன்னா ரிப்போ (கோட் வெச்சிருக்கற இடம்) பப்ளிக்கா இருந்தாலும் மத்தவங்க எடுத்து மாத்தி யூஸ் பண்ண உரிமை கிடையாது, பின்னாடி போடலாம்னா எழுதின ஒவ்வொருத்தர்கிட்டயும் சம்மதம் வாங்கணும், எங்க ஆளுங்க பாதி பேர் காலேஜ் மாறிட்டாங்க, மெயில் போட்டா திரும்பி வருது. முதல் நாளே முடிச்சுருங்க: எழுத்துக்கு சிசி பை 4.0 (பேர் போட்டா யாரும் எடுத்துக்கலாம்ங்கற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்), கோட் துண்டுகளுக்கு எம்ஐடி லைசென்ஸ் மாதிரி ஒண்ணு. கோடுக்கு அவங்க லைசென்ஸ் வேணாம்னு கிரியேட்டிவ் காமன்ஸ்காரங்களே சொல்றாங்க, அதான் ரெண்டு.

எல்லாத்தையும் நீங்களே எழுதணும்னும் இல்ல. ரிசர்ச் பண்றவங்களுக்கு கோடிங் சொல்லிக்குடுக்கற சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி 1998ல இருந்து இருக்கு, இப்போ தி கார்பென்ட்ரீஸ்ங்கற அமைப்புக்குள்ள. அவங்க பாடம் எல்லாமே சிசி பை, பேர் போட்டுட்டு தாராளமா எடுத்துக்கலாம். கிட் (கோட்ல பண்ற மாத்தங்கள பதிவு பண்ணி வெக்கற டூல்) பேசிக்ஸ் எல்லாம் அங்கயே லிங்க் குடுத்துருங்க, உங்க கிளஸ்டருக்கு (சேத்து ஓட்டற கம்ப்யூட்டர்கள்), உங்க டேட்டாவுக்குன்னு இருக்கற தலைவலிய மட்டும் எழுதுங்க.

ஆளுங்கள எழுத வைக்கறதுதான் பெரிய பாடு. "எல்லாரும் வாங்க"ன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. உங்ககிட்ட கேள்வி கேட்டவர்கிட்டயே போய், "நீங்க குழம்பின அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி ஒரு புல் ரிக்வெஸ்ட் (பிஆர், அதாவது இந்த மாத்தத்த சேத்துக்கோங்கன்னு அனுப்பறது) போடுங்க"ன்னு கேளுங்க, பக்கத்துல உக்காந்து போட வைங்க. வந்த பிஆர்-ஐ ரெண்டு நாள்ல பாத்துருங்க, மாசக்கணக்கா கிடந்தா அவரு மறுபடி வரவே மாட்டாரு.

பேரும் கிடைக்கணும், பேப்பர் கணக்குல வாழறவங்க இல்லையா. ரிப்போல சைட்டேஷன் ஃபைல் (இத எப்படி மேற்கோள் காட்டணும்னு சொல்றது) ஒண்ணு போட்டு அதுல எல்லார் பேரையும் சேருங்க, கோட் வெக்கற கிட்ஹப் தளத்துல "சைட் திஸ் ரிப்பாசிட்டரி"ன்னு தானா வரும். ரிசர்ச் ஃபைல்கள சேத்து வெக்கற செனோடோ தளத்தோட கனெக்ட் பண்ணிட்டா ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஒரு டிஓஐ (மாறாத அடையாள எண்), மொத்தத்துக்கும் சேத்து ஒரு டிஓஐ. பயோடேட்டால வெக்கறதுக்கு மொத்தத்துக்கானத குடுங்க, பேப்பர்ல சைட் பண்ண அந்த வெர்ஷனோடத.

ஒவ்வொரு பக்கத்துலயும் இத யாரு பாத்துக்கறாங்கன்னு ஒரு பேர் இருக்கட்டும். அவரு போய்ட்டு வேற ஆளும் கிடைக்கலன்னா, மேல "இத இப்போ யாரும் பாத்துக்கல"ன்னு பெருசா எழுதிட்டு ரிப்போவ ஆர்கைவ் பண்ணிருங்க. எங்க பழைய விக்கிய போன வாரம் தான் அப்படி மூடினேன்.